சட்டைக் காலரில் கொஞ்சம் பிராந்தி

நடுவட்டத்துக்குக் கீழே இருக்கிற அந்த எஸ்டேட்டில் நாடகம் பதினோரு மணிக்கே ஆரம்பித்திருக்க வேண்டும். கொழுந்து எடை போட்டு முடிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. அதற்கப்புறம் மேனேஜர் வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல் மைக்கை வாங்கி, குடியின் தீமைகளைப் பற்றித் தானே கால் மணி நேரம் பேசித் தீர்த்தார். அதைச் சொல்வதற்காகத்தான் ஒரு குழுவையே வரவழைத்திருக்கிறோம் என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

மனோகரன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட்டுக்குப் பின்னால் நின்று வாட்சைப் பார்த்தான். பார்த்து முடித்து இரண்டு நிமிடம்கூட ஆகாமல் மறுபடியும் பார்த்தான். மூன்று மணிக்கு ஊட்டியில் அவனுக்கு இன்டர்வியூ. ஒரு பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் நாடக ஆசிரியர் வேலை. ஒரு வருட ஒப்பந்தம்தான், ஆனால் வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் தருகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று அவன் இன்னும் சரியாகக் கேட்கக்கூட இல்லை. அந்த இரண்டு அறைகளைத்தான் ஒரு வாரமாக மனதுக்குள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

காரணம் இருந்தது. அவன் அம்மா எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா மனோகரனின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மனைவி ரஞ்சனி, மகள் ஷண்முகப்ரியாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு அக்கா வீட்டுக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். இவன் கட்டபெட்டில் இரண்டு பேரோடு ஒரு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறான். இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருப்பூர் பஸ் ஏறுவான், ஒரு நாள் இருப்பான், மகள் வளர்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவான், திரும்பி வருவான்.

"மனோகரண்ணா, நான் சொன்ன முதல் ரூல் என்னங்க?" என்றாள் சுகந்தி. அவள்தான் குழுவை நடத்துகிறவள். மேடையில் மனோகரனுக்குப் பெண்டாட்டி, மேடைக்குக் கீழே மேனேஜர், டிரைவர், எல்லாம்.

"ஒரு நாளைக்கு ஒரு வேல."

"இன்னைக்கு எத்தனை?"

அவன் சட்டைக் கையை இழுத்து வாட்சை மறைத்தான். போன வருடம் கோயம்புத்தூரில் நாடக நடிகர்களுக்கென்று ஒரு நாள் பயிற்சி நடந்தது. சுகந்தி போய்வந்தாள். நன்றாக நடிப்பது எப்படி என்று அங்கே ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம். நடித்து முடித்த பிறகு பிழைப்பது எப்படி என்பதுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை. நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தவள் அன்றிலிருந்து ரூல், ரூல் என்று ஆளைக் கொல்கிறாள். தேதி கேட்டால் வாய்வார்த்தையாகக் கொடுக்காதே, மெசேஜில் வாங்கு. எது கொடுத்தாலும் செய்வேன் என்று யாரிடமும் சொல்லாதே, அப்புறம் எதையாவதுதான் கொடுப்பார்கள். கேட்க வேண்டியதை அந்த அறையிலேயே கேள், வெளியே வந்து புலம்பாதே. மேடைத் துணியோடு ரோட்டில் இறங்காதே.

"நாடகப் பை, சொந்தப் பை ரெண்டும் தனித்தனியா இருக்குதுங்களா?"

"எல்லாம் இருக்குது சுகந்தி."

இல்லை. ஒரே பைதான். பஸ்ஸில் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது என்று, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சர்டிபிகேட் ஃபைலும் நாடகச் சாமான்களும் ஒன்றாகவே கிடந்தன.

அவள் ரூல்களில் மனோகரன் வாய்விட்டுச் சிரித்தது பதினொன்றாவதுக்கு மட்டும்தான். வீட்டு ஆட்களை வருடத்துக்கு ஒரு தடவையாவது ஷோவுக்குக் கூட்டி வர வேண்டும் என்பது அது. நம் தொழில் என்னவென்று முதலில் நம் வீட்டுக்குத் தெரிய வேண்டுமாம். "ரஞ்சனிக்குத் தெரியாததா? திருப்பூர் போற வரைக்கும் பத்து வருசம் அவதானே இந்தச் சட்டையத் தொவைச்சா" என்றான் அன்றைக்கு.

பன்னிரண்டு வருடமாக அவனுக்கு ஒரே வேஷம். குடிகாரன். நீலகிரியில் அவன் விழாத ரோடு கிடையாது என்று சொன்னால் அதில் பெரிய பொய் இல்லை. நாடகம் ஆரம்பிக்கிறது என்று அவர்கள் அறிவிப்பதே இல்லை. கூட்டம் பேசிக்கொண்டிருக்கும்போதே மனோகரன் எங்கிருந்தோ தள்ளாடி வந்து யார் மேலாவது விழுவான். திட்டு கிடைக்கும், சில இடங்களில் அடியும் கிடைக்கும். ஐந்து நிமிடம் கழித்து சுகந்தி வந்து "ஏனுங்க, ஊட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கும்போதுதான் இது நாடகம் என்று ஜனங்களுக்குப் புரியும். அதற்குள் பாதிப் பேருக்கு அவன்மேல் நிஜமான வெறுப்பு வந்திருக்கும். அந்த வெறுப்பில்தான் மீதி நாடகம் ஓடும்.

கையில் வைத்திருக்கும் புட்டியில் பால் விடாத கட்டஞ்சாயாதான். நிறம் அச்சு அசல் பிராந்தி. ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆட்களை டீயை வைத்து ஏமாற்ற முடியுமா? முன்வரிசையில் உட்காருகிற ஆண்களில் பாதிப் பேர் பிராந்தி வாசனையோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். அதனால் ஒரு சின்ன இருமல் மருந்துப் பாட்டிலில் நிஜப் பிராந்தி கொஞ்சம் வைத்திருப்பான். காலரில் நாலு சொட்டு, வாயில் ஒரு மடக்கு ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவான். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் போனதில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமையே உண்டு. ஊரையே குடிகாரன் என்று நம்ப வைத்துவிட்டு, உள்ளே பச்சைத் தண்ணீராக இருப்பது சும்மா இல்லை என்று நினைத்துக்கொள்வான்.

நாடகம் முடிய ஒன்றே கால். குழு அப்படியே கூடலூருக்கு இறங்கியது. மதியம் அங்கே இன்னொரு ஷோ, அதில் மனோகரனுக்குப் பதிலாக மேளக்காரன் டெனின் விழப்போகிறான். மனோகரன் கைலியை மட்டும் அவிழ்த்துப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, காலரில் பிராந்தி பட்ட அதே சட்டையோடு ரோட்டுக்கு ஓடினான். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெள்ளைச் சட்டைக்கு மாறிக்கொள்ளலாம் என்பது திட்டம். பஸ் உடனே வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தான், பாவம்.

சனிக்கிழமை. மேலே ஏற ஏற சுற்றுலா வண்டிகள். பைக்காராவில் பஸ் நின்றே விட்டது. போட்டிங் போகிறவர்கள் காரை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துச் சலித்து இன்ஜினை அணைத்தார். மனோகரன் எழுந்து எட்டிப் பார்த்தான், உட்கார்ந்தான், ஜன்னலைத் திறந்தான், குளிர் அடிக்கவே மூடினான். பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியதை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தான். பக்கத்தில் கேரட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"ஏப்பா, பட்டப்பகல்லயே இப்பிடியா? ஊட்ல பொண்டாட்டி புள்ள இல்லையா?"

"இருக்காங்கம்மா. இது நாடகத்துக்காக..."

"உங்க நாடகமெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முன் சீட்டுக்கு மாறிப் போய்விட்டார்.

நாலு சொட்டுக்கு இவ்வளவு வாசனை வராதே என்று மனோகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. பையைத் திறந்தான். இருமல் மருந்துப் பாட்டில் படுத்துக் கிடந்தது. மூடியில் ஒரு கீறல். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்கப் பழுப்பாக நனைந்திருந்தது. சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கினால் ஓரத்திலிருந்து சொட்டியது. தமிழ் எம்.ஏ. பட்டம், நாடகப் பயிற்சி முடித்த சான்று, கலெக்டர் கையால் வாங்கிய பாராட்டுப் பத்திரம், எல்லாம் பிராந்தியில் ஊறியிருந்தன.

அவனுக்கு அழுகை வரவில்லை, தன்மேலேயே கோபம் வந்தது. கூடலூர் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும் சுகந்திக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாள் என்பது நன்றாகத் தெரிந்ததால் அவளுக்குப் போன் செய்யவில்லை.

பஸ் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது இரண்டு நாற்பது. முதலில் ஓடிய இடம் கட்டணக் கழிப்பறை. சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்தையும் நெஞ்சையும் ஐஸ் தண்ணீரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வாயைப் பத்துத் தடவை கொப்பளித்தான். வெளியே பிளாட்பாரக் கடையில் ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கி வெற்று உடம்பில் மாட்டினான். கிராம்பு வாங்கப் போய், கடைசி நொடியில் வேண்டாம் என்று விட்டான். வாய் நாறுகிறவர்கள்தான் கிராம்பு மெல்லுவார்கள் என்பது இந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனே மேடையில் அப்படி எத்தனையோ தடவை மென்றிருக்கிறான்.

ஆட்டோவில் போகும்போதே ஸ்வெட்டர் அரிக்க ஆரம்பித்தது.

பிரின்சிபால் கெஸியா மேடம் அறையில் அவரோடு இன்னொருவரும் இருந்தார். பாண்டியராஜ், ஹாஸ்டல் வார்டன். கெஸியா மேடம் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். குழந்தைகளோடு வேலை செய்திருக்கிறாரா, எந்த வயது, ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தால் எப்படிச் சமாளிப்பார் என்றெல்லாம் கேட்டார். மனோகரன் நன்றாகவே பதில் சொன்னான். நெஞ்சில் கம்பளி குத்துகிற இடத்தைச் சொறியாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பிறகு மேடம் சர்டிபிகேட்டைக் கேட்டார்.

அவன் ஃபைலைத் திறந்து மேசைமேல் வைத்தான். அறை முழுக்க வாசனை எழுந்தது.

வார்டன் பாண்டியராஜ் முன்னால் குனிந்து அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"மேடம், இவர எனக்குத் தெரியும். போன மார்ச்ல கட்டபெட்டு பக்கம் வந்துட்டிருந்தேன். நடு ரோட்டுல விழுந்து கெடந்தாரு. கையில பாட்டில். என் வண்டிய நிறுத்தி, சுத்திக்கிட்டுத்தான் போக வேண்டியதாச்சு. நாங்க இருநூறு பசங்கள வெச்சுட்டு இருக்கோம்."

மனோகரனுக்குக் காது சூடானது. எழுந்து நின்று நிதானமாக இருப்பதைக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நடிகன் நிதானமாக நின்றால் அதை மட்டும் யார் நம்பப்போகிறார்கள்? அவன் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"சார், உங்க வண்டிக்கு முன்னால பச்ச ஸ்வெட்டர் போட்ட ஒருத்தர் கை காட்டி நிறுத்துனாரில்லைங்களா?"

பாண்டியராஜ் யோசித்தார். "ஆமா."

"அவரு டெனின், எங்க மேளக்காரர். நான் ரோட்டுல விழறதுக்கு முன்னாடி மேல அவரு நிப்பாரு, கீழ வளைவுல இன்னொருத்தர். ரெண்டு பக்கமும் வண்டி நின்னதுக்கு அப்பறந்தான் நான் விழுவேன். இறக்கத்துல தலை மேட்டுப் பக்கம் இருக்கற மாதிரி விழோணும், இல்லேன்னா உருண்டு போயிருவோம். நீங்க முதல் அஞ்சு நிமிசம் பாத்துட்டுக் கெளம்பிட்டீங்க. இன்னும் நாப்பது நிமிசம் இருந்துச்சுங்க."

பிறகு பாட்டில் கதையையும் சொன்னான். கட்டஞ்சாயாவில் ஆரம்பித்து இருமல் மருந்து மூடிவரை ஒன்று விடாமல் சொன்னான். சட்டை நனைந்ததால் வெற்று உடம்பில் ஸ்வெட்டர் போட்டிருப்பதையும் சொன்னான். சொல்லும்போதே தனக்கே இது கதை மாதிரி இருப்பது தெரிந்தது. கெஸியா மேடத்தின் உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து போனது.

"ரோட்டுல நடந்தது நாடகம்னு ஒத்துக்கறேன்" என்றார் பாண்டியராஜ். "பாட்டில் விஷயம் எனக்குத் தெரியல மேடம்."

"எப்படியும் குவார்ட்டர்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நான் வீட்டுக்காரங்ககிட்டப் பேசுவேன்" என்றார் மேடம். "எல்லாருக்கும் இதுதான் வழக்கம். குடும்பமா வந்து ஹாஸ்டல் பிள்ளைங்க பக்கத்துல இருக்கப்போறவங்க. உங்க மிசஸ் நம்பர் சொல்லுங்க."

மனோகரனுக்கு உயிர் வந்தது. ரஞ்சனியைவிட அவனைப் பற்றித் தெரிந்தவர் யார்? மேடம் தன் போனில் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். நாலைந்து முறை மணி அடித்த பிறகு ரஞ்சனி எடுத்தாள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

மேடம் தான் யாரென்று சொன்னார். உங்கள் கணவர் எதிரில்தான் இருக்கிறார் என்றார். குவார்ட்டர்ஸ் பற்றிச் சொன்னார், குளிர் பழக்கமா என்று கேட்டார். நான் பிறந்ததே எஸ்டேட் லயத்தில்தான் மேடம் என்று சொல்லி ரஞ்சனி சிரித்தாள். பிறகு மேடம் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நான் நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கணவர் குடிப்பாரா?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மனோகரன் போனையே பார்த்தான். இவ்வளவு நேரம் எதற்கு எடுத்துக்கொள்கிறாள் என்று நினைப்பதற்குள் பதில் வந்தது.

"இல்லைங்க மேடம். நான் ஒரு சொட்டுகூடத் தொடறதில்ல, நாடகத்துக்காக மேல ஊத்திக்கறேன், அவ்வளவுதான்னு... அவரு ஒரு சொட்டுகூடத் தொடறதில்லைங்க மேடம். நாடகத்துக்காக மேல ஊத்திக்குவாரு, அவ்வளவுதான்."

பாண்டியராஜ் தலையாட்டினார். மேடம் நன்றி சொல்லிப் போனை வைத்தார். வீட்டம்மாவே சொல்லிவிட்ட பிறகு வேறென்ன வேண்டும் என்கிற மாதிரி இருவருடைய முகமும் தெளிந்துவிட்டது.

மனோகரன் முகம் மட்டும் தெளியவில்லை. கேட்டது அவனுடைய வசனம். அவள் திருப்பூர் போகும்வரை பத்து வருடம், ஷோ முடிந்து போன ஒவ்வொரு நாளும், கதவைத் திறக்கிறவளிடம் அவன் சொல்லி வந்த அதே வார்த்தைகள். முதல் தடவை 'நான்' என்றே ஆரம்பித்துவிட்டு, தடுக்கி நின்று, மறுபடி தலையிலிருந்து சொன்னாள். மனப்பாடம் செய்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நடுவில் விட்டுப்போனால் நடுவிலிருந்து எடுக்கத் தெரியாது, முதலிலிருந்துதான் வர வேண்டும். எத்தனை பேருக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறான், அவனுக்கா தெரியாது? அவள் நம்பிச் சொல்லவில்லை. அவனுக்காக நடித்தாள்.

"மிஸ்டர் மனோகரன், திங்கட்கிழமையில இருந்து வரலாமா?" என்று மேடம் கேட்டது இரண்டாவது தடவையில்தான் காதில் விழுந்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக இதற்காகத்தான் தூங்காமல் கிடந்தான். வாய் தானாகச் சரிங்க மேடம் என்று சொல்லப்போனது. அப்போதுதான் சுகந்தியின் குரல் உள்ளுக்குள் கேட்டது, கேட்க வேண்டியதை அந்த அறையிலேயே கேள் என்று. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எதுவரை, லீவில் சம்பளம் உண்டா, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குழுவோடு ஷோவுக்குப் போகலாமா, இதையெல்லாம் மெயிலில் போட்டுத் தர முடியுமா. மேடம் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் இஷ்டம், ஆனால் பாட்டில் எதுவும் கேட்டுக்குள் வரக் கூடாது என்றார். புதன்கிழமை குவார்ட்டர்ஸ் சாவி தருவதாகச் சொன்னார். அவன் கேட்டைத் தாண்டுவதற்குள் மெயில் வந்துவிட்டது.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. ரோட்டோரமாக நாலு அடி கீழே நடந்தான், திரும்பி நாலு அடி மேலே நடந்தான். ரஞ்சனியே கூப்பிட்டாள்.

"கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது. குவார்ட்டர்ஸும்தான்."

"அப்பாடா" என்றாள். நிஜமான மூச்சு அது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் அதத் தொடாமப் போயிருக்கலாமில்லைங்க."

மனோகரன் நின்றான்.

"நான் குடிக்கல ரஞ்சனி."

"சரிங்க."

இந்தச் சரியையும் அவனுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். சொன்னதும் சரி என்பாள், சட்டையை வாங்கி வாளியில் போடுவாள், சோறு போடுவாள். நம்பிவிட்டாள் என்றே நினைத்திருந்தான். ஆயிரம் பேர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் தன் வீட்டில் ஒரு முகத்தைப் படிக்காமல் விட்டிருக்கிறான்.

"நீ நம்பவே இல்லையா?"

"இப்ப எதுக்குங்க அது? அந்தம்மா கேட்டாங்க, நான் சொன்னேன். புள்ளைக்கு ஒரு நல்ல எடம், நமக்குன்னு ஒரு ஊடு. சொல்லாம வேற என்ன பண்ணுவேன்?"

"திருப்பூருக்குப் போனது லைன் ஊட்டக் காலி பண்ணச் சொன்னதுனாலதானே?"

அவள் மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். திடீரென்று குரல் பக்கத்தில் கேட்டது.

"அதுவும்தான். எங்கப்பன் தினமும் அப்பிடித்தாங்க வருவாரு. யாரோ மேல ஊத்திட்டாங்க, பஸ்ல பக்கத்துல ஒருத்தன் சிந்திட்டான்னு ஒரு கதை சொல்லுவாரு. எங்கம்மா சரின்னு சொல்லும். அவரு நாப்பத்திரண்டு வயசுல செத்துப் போற வரைக்கும் சரின்னு சொல்லுச்சு. பிரியா அந்த வாசனைல வளர வேண்டாம்னு நெனச்சேன். ஊடு போனது ஒரு சாக்காச்சு."

அவனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு இந்தத் தண்டனையா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருந்தால் அதுவும் ரஞ்சனி சின்ன வயதிலிருந்து கேட்ட கத்தலாகத்தான் இருந்திருக்கும். கோபம் அடங்கியபோது வெட்கம் மிஞ்சியது. இத்தனை வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளை ஒரு ஷோவுக்குக் கூட்டிப் போயிருக்கிறானா? ரோட்டில் விழுந்து கிடப்பதைப் பெண்டாட்டி வந்து பார்க்க வேண்டுமா என்று அவனே தடுத்துவிட்டான். பாண்டியராஜ் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்தார். ரஞ்சனிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்த வாசனைதான் அவளுக்குக் கிடைத்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழம கட்டபெட்டுல ஷோ" என்றான். "நீயும் பிரியாவும் சனிக்கிழமையே வந்துருங்க. ஊட்டுச் சாவி புதன்கிழமை கையில வந்துரும், அங்கயே தங்கிக்கலாம்."

"அதப் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"பத்து மணிக்கு ஷோ. நீ ஒம்பது மணிக்கே எங்ககூட வா. நான் சட்டையப் போடறதுல இருந்து பக்கத்துலயே இரு. அந்த இருமல் மருந்துப் பாட்டில நீயே கையில வெச்சுக்க. காலர்ல எத்தன சொட்டுன்னு நீயே ஊத்து. வாயில ஊத்தறதையும் நீயே அளந்து ஊத்து, நான் துப்பறதையும் பாரு. அப்பறம் மொத வரிசைல உக்காந்து, கடைசி வரைக்கும் எந்திரிக்காத."

அவன் நாலு அடி மேலே போனான், நாலு அடி கீழே வந்தான். ஒரு சுற்றுலா வேன் ஹாரன் அடித்தபடி பனிக்குள் போய் மறைந்தது. ஸ்வெட்டர் நெஞ்சை அரித்தது, சொறியவும் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு ஓவர்டைம் போட்டிருக்காங்க" என்றாள் ஒருவழியாக. "சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுப் பாக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எதுக்கு?"

"நீங்க சொன்னது நெசமா இருந்துட்டா? அப்ப இந்த ரெண்டு வருசமும் வீணாத்தானே போயிருக்கும்."

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மனோகரன் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இத்தனை வருடம் பேசிய வசனங்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"ஒம்பது மணிக்கு" என்றான் மறுபடியும். "மறந்துராத, ஒம்பது மணிக்கே."